கடைசிக் குடிலுக்கு இறங்கும் வழி

இன்றைக்குச் சொல்லிவிடுவார். இன்றைக்கு விட்டால் நாளை மோவாப் ஊரில் கார் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம், காரில் ஏறியதும் அவர் வழக்கம்போல வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவார், அப்புறம் டென்வர், அப்புறம் அவரவர் வேலை. அதனால் இன்றைக்குத்தான். இந்த ஒருவாரச் சைக்கிள் பயணத்தின் மலையிறக்கம் முடிந்து கீழே பாலைவனத்து ஓரத்தில் இருக்கிற கடைசிக் குடிலில், சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஷூவைக் கழற்றி, பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே "மச்சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பார். எனக்கு முன்னால் போகிறாரே, சட்டை முதுகில் வியர்வை உப்பாகப் பூத்து, கல்லைக் கண்டால் ஒரு துள்ளுத் துள்ளித் தாண்டிக்கொண்டு, ஐம்பது வயது தாண்டியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவர்தான் கருணாகரன், என் தங்கை வடிவின் புருஷன். புருஷனாக இருந்தவர் என்று சொல்ல வேண்டுமோ? வடிவு போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் இன்னமும் எல்லோரிடமும் அவரை "எங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்கிறேன். மாப்பிள்ளை என்றால் பெண் எங்கே என்று யாரும் கேட்டதில்லை, கேட்டுவிடுவார்களோ என்று எனக்குத்தான் பயம். கிளம்புவதற்கு முந்தின நாள் நித்திலா போன் செய்தாள். வடிவு பெற்ற ஒரே மகள், பாஸ்டனில் படிக்கிறாள். "மாமா, டிரிப்ல அப்பா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லுவாங்க. நீங்க கோவப்படக் கூடாது." நான் முட்டிவலித் தைலத்தைப் பையில் திணித்துக்கொண்டே "என்ன விஷயம்மா" என்றேன். "அப்பா கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க. எனக்குச் சம்மதம்தான் மாமா. நான் அவங்ககூடப் பேசிட்டேன். நல்லவங்க." அப்படியா, நல்லது, என்றேன். பேரையும் சொன்னாள். காதில் விழுந்தது, நான் வைத்துக்கொள்ளவில்லை. போனை வைத்த பிறகு தைல பாட்டிலைத் திணித்த இடம் மறந்து வீடு முழுக்கத் தேடினேன்.

பாதை இங்கே மரங்களுக்குள் நுழைகிறது, வெள்ளை வெள்ளையாய் நிற்கிற ஆஸ்பென் மரங்கள், இலை எல்லாம் சலசலவென்று, காற்று இல்லாதபோதும் இதுகளுக்கு ஒரு நடுக்கம். வேர் குறுக்கே கிடக்கிறது. பார். பார்த்துப் போ. முதல் குடிலிலேயே அவர் ஆரம்பித்தார், நான் விறகு எடுத்து வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன், உள்ளே அடுப்புப் பக்கத்தில் நெஞ்சுயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாவது குடிலில் தலைவலி என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தேன். அடுத்ததில் பாத்திரம் கழுவினேன். கழுவினேன் கழுவினேன், ஒரு தோசைக்கல்லையும் இரண்டு தட்டையும் அவ்வளவு நேரம் கழுவியவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் பின்னால் நின்று துடைத்துத் துடைத்து வாங்கி வைத்தார், வாயைத் திறந்தார், நான் குழாய்த் தண்ணீர் தீர்ந்துவிட்டது பீப்பாயைச் சாய்க்க வேண்டும் என்றேன். இந்தக் குடில்களில் காவல்காரர் கிடையாது, யாரும் கிடையாது. கதவுப் பூட்டுக்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள். திறந்தால் பலகைக் கட்டில்கள், அலமாரியில் டின் டின்னாகச் சாப்பாடு, கேஸ் அடுப்பு. வேண்டியதை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் பெருக்கித் துடைத்து, எலி ஏறாமல் டப்பாக்களை மூடி, பின்னால் வருகிறவர்களுக்காக எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் இங்கே முறை. எனக்கு முன்னால் இந்தக் கட்டிலில் படுத்தவன் யாரோ, நாளை ராத்திரி படுக்கப்போகிறவன் யாரோ. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, ஹோட்டலும் அப்படித்தானே. ஆனால் அலமாரிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வடிவின் சமையலறைதான் ஞாபகம் வருகிறது, அடுப்புக்கு இடது கைப்பக்கம் மேல் தட்டில் அவளுடைய அஞ்சறைப்பெட்டி, கடுகு இருக்கிற கிண்ணத்தில் மட்டும் ஒரு நசுங்கல். அதை மாப்பிள்ளை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார். இனிமேல் அதை ஒருத்தி திறப்பாள். எங்கே எது என்று தெரியாமல் ஒன்றிரண்டு நாள் தடுமாறுவாள், அப்புறம் தெரிந்துகொள்வாள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கடுகை எடுப்பாள். இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவாள். எது மோசம் என்று இந்த ஒருவாரமாக யோசிக்கிறேன், மேட்டில் மூச்சு வாங்கும்போதும் அதையேதான் யோசித்தேன், முடிவுக்கு வரவில்லை.

"மச்சான், கதவு!" என்று முன்னாலிருந்து சத்தம். மாடு தாண்டாமல் இருக்கக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள், கடைசியில் வருகிறவர் சாத்த வேண்டும். எப்போதும் கடைசியில் வருகிறவன் நான். சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் அவர் அதற்குள் அடுத்த வளைவுக்குப் போய்விட்டார். அங்கேதான் நிஜமான இறக்கம் ஆரம்பம், வரைபடத்தில் பார்த்தோம், கொண்டை ஊசி கொண்டை ஊசியாக, மரம் குறைந்துகொண்டே போய், கீழே ஒரேயடியாகச் சிவப்பு. தெரிகிறது இப்போது. எவ்வளவு தூரம், எவ்வளவு வெறுமை, நம்மூர்ச் செம்மண்ணைப் போல இல்லை, சுட்ட ஓட்டின் நிறம். பார்க்கும்போதே தொண்டை வறள்கிறது. நான் பிரேக்கைப் பிடிக்கிறேன். இரண்டு கையிலும் பிடிக்கிறேன். கீழே போனால் குடில், குடிலுக்குப் போனால் சொல்லிவிடுவார். மெதுவாகப் போவதற்கு எனக்கு உரிமை இல்லையா? ஆபீசில் நான் பார்க்கிற வேலையே அதுதான், எந்த முக்கில் சிகப்பு விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும், ஜனங்களை எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தால் பொறுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போடுகிறவன். "பிடிச்சுப் பிடிச்சு விடணும் மச்சான், பிடிச்சுக்கிட்டே இறங்கக் கூடாது" என்று அவர் காலையில்கூடச் சொன்னார். எனக்குச் சொல்லித்தருகிறார். அவருக்கு சைக்கிளைக் கையில் கொடுத்தவனே நான், அது ஞாபகம் இருக்கிறதா அவருக்கு?

இருக்கும். மறக்கிறவர் இல்லை. வடிவு போன முதல் குளிர்காலம் முழுக்க அவர் கராஜில்தான் உட்கார்ந்திருந்தார். காரை வெளியே நிறுத்திவிட்டு, கதவை இறக்கிவிட்டு, பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், திரும்பப் போய் உட்கார்ந்துகொள்வார். நித்திலா அப்போது பள்ளிக்கூடம் முடிக்கவில்லை, "மாமா, அப்பாவைப் பாத்தா பயமா இருக்கு" என்பாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கராஜ் என்றால் கார், கார் என்றால் புகை, கதவை மூடிக்கொண்டு காரை ஓடவிட்டுச் செத்துப்போகிறவர்கள், இப்படியெல்லாம் மனசு எங்கெங்கோ போகும், ஆபீசில் உட்கார்ந்துகொண்டே போன் செய்து என்ன மாப்ள என்ன பண்றீங்க என்று அசட்டுத்தனமாகக் கேட்பேன். பனி உருகினதும் இரண்டு பழைய சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு போய் இறக்கினேன். டாக்டர் என்னை எடையைக் குறைக்கச் சொல்லிட்டார் மாப்ள, தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வாங்க என்றேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவர் எனக்காக வந்தார். அடுத்த சனிக்கிழமையும் எனக்காக வந்தார். ஒரு நாள் ஓடைக்குள் தலைகுப்புற விழுந்து, மூக்கெல்லாம் சேற்றோடு எழுந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். வடிவு போன பிறகு முதல் சிரிப்பு. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அடுத்த நிமிஷமே பற்றிக்கொண்டு வந்தது, அவள் அங்கே சாம்பலாகிவிட்டாள், உனக்குச் சிரிப்பு கேட்கிறதா என்று. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன. நான்தானே இவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன், வாரா வாரம் மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன், பிழைத்துவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. பிழைத்தவர் வாழ்வார். அது தெரியாமலா இழுத்துக்கொண்டு போனாய், முட்டாளே.

வெயில் ஏறிவிட்டது. மேலே இருந்த குளிர் எங்கே போனது என்று தெரியவில்லை, ஒரு வளைவில் திரும்பியதும் யாரோ அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி காற்று. மரங்கள் குட்டையாகி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. விரல் மரத்துவிட்டது, பிரேக்கைப் பிடித்த விரல், மாற்றிப் பிடிக்கிறேன். அவர் கண்ணில் படவில்லை. வழி பிரிகிற இடத்தில் நிற்பார், அது எங்களுக்குள் பேச்சு, முன்னால் போகிறவர் எங்கே வழி இரண்டாகப் பிரிகிறதோ அங்கே நிற்க வேண்டும், பின்னால் வருகிறவர் தலை தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். இன்னொரு கல்யாணம் மாட்டேன் என்றாரே. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மாட்டேன் என்று சொன்னார், நான் இருந்தேன் அங்கே, ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டு. வடிவுக்கு அப்போது முடி எல்லாம் கொட்டி, நித்திலாவின் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு, கண் மட்டும் பெரிசாக. "நான் போயிட்டா இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்துருவீங்களோ?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், ஆனால் கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "மாட்டேன்" என்றார். "பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது" என்று சிரித்தாள். என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீ சாட்சி" என்றாள். நான் ஆரஞ்சுச் சுளையை நீட்டினேன். சாட்சி என்றால் என்ன அர்த்தம்? மாட்டேன் என்றதற்குச் சாட்சியா, பொய் என்றதற்குச் சாட்சியா? மூன்று வருஷமாக எனக்கு விளங்கவில்லை. சாகப்போகிற பெண்டாட்டி கேட்டால் வேறு என்ன சொல்வான் ஒருவன், ஆமாம் கூட்டி வருவேன் என்றா சொல்வான்? நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கு அந்த இடமே கிடைக்கவில்லை. என் பெண்டாட்டி சாகவில்லை, ஒரு மார்கழியில் சென்னைக்குப் போனவள் வரமாட்டேன் என்று மெயில் அனுப்பினாள், நல்லவேளை பிள்ளைகுட்டி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அதற்கப்புறம் எனக்கு வீடு என்றால் வடிவு வீடுதான். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு போவேன். அவள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு போகிறேன், நான் சமைப்பேன், மாப்பிள்ளை வெங்காயம் உரிப்பார். இனிமேல் அந்த வீட்டுக்கு மணியடித்துவிட்டுப் போக வேண்டும். கதவைத் திறக்கிற பெண் "வாங்க" என்பாள். வாங்க என்று சொல்லிவிட்டு, என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாள்? புருஷனுடைய முதல் பெண்டாட்டியின் அண்ணனுக்குத் தமிழில் என்ன பேர்? ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கே இனி நான் யார்? வேறு மச்சான்கள் வருவார்கள் அவருக்கு. நான் பழைய மச்சான். அப்புறம் வெறும் நண்பர். அப்புறம் தீபாவளிக்கு ஒரு மெசேஜ்.

என்ன நாற்றம் இது. கருகுகிற நாற்றம். எங்கேயாவது காட்டில் தீயா? நிமிர்ந்து பார்க்கிறேன், புகை இல்லை, சுத்தமான நீலம். என்னிடமிருந்துதான் வருகிறது. இடது பிரேக் மெத்தென்று இருக்கிறது, பிடித்தால் கம்பிவரை வந்து முட்டுகிறது, பிடி விழவில்லை. வலது? வலதும் பாதிதான். ஐயோ. சைக்கிள் போகிறது. நான் பிடிக்கப் பிடிக்கப் போகிறது, கல் படபடவென்று அடியில் தெறிக்கிறது, எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன், மேலேயிருந்தே பிடித்துக்கொண்டே வந்தேன், ஒரு இடத்திலும் விடவில்லை. கொண்டை ஊசி வருகிறது. இடது பக்கம் மலை, வலது பக்கம் ஒன்றும் இல்லை, சிவப்பு, காற்று. இப்படியா? இப்படியே போய்விட்டால் அவர் சொல்ல வேண்டியதில்லை, நான் கேட்க வேண்டியதில்லை. சீ. கீழே அவர் நின்று காத்துக்கொண்டிருப்பார், இன்னொரு பிணத்தை அவர் தலையில் கட்டுவதா? இடது பக்கம், இடது பக்கம் சாய், மண் மேட்டில் மோது. மோதினேன். வானம் ஒரு முறை காலுக்குக் கீழே போய் வந்தது. முள்செடி. வாய் முழுக்க மண். கையை அசைக்கிறேன், அசைகிறது. காலும் அசைகிறது. முழங்கையில் தோல் போயிருக்கிறது, சைக்கிள் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது, பிரேக் தட்டு நீலம் பாரித்துப் போய்க் கிடக்கிறது. மலை மேட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது, பயம் போன பிறகு வெட்கம்தான் வந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, கீழே வளைவில் அவர் ஹெல்மெட் தெரிந்தது. வழி பிரிகிற இடத்தில் நின்று பார்த்துவிட்டு, நான் வராததால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த மேடு முழுக்க ஏறி வருகிறார். "மச்சான்! மச்சான்!" என்று கத்திக்கொண்டே வருகிறார். கையைத் தூக்கிக் காட்டினேன். வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு என் தலையைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், முழங்கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். "தலை சுத்துதா? வாந்தி வருதா?" "ஒண்ணுமில்ல மாப்ள. பிரேக் போயிருச்சு." அவர் குனிந்து தட்டைப் பார்த்தார், முகர்ந்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குள் நான் பாட்டிலை எடுத்து அதன்மேல் ஊற்றப் போனேன். "ஊத்தாதீங்க, வளைஞ்சுரும். அதுவா ஆறணும்" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். நிழல் இல்லை. விறகு கொண்டுவரப் போக முடியாது, கழுவுவதற்குப் பாத்திரம் இல்லை, பிரேக் ஆறுகிற வரைக்கும் ஒரு இடத்துக்கும் நகர முடியாது. தப்பிப்பதற்காக நான் செய்த வேலை என்னை அவர் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது. நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது, அடி வாங்குகிறவன் முந்திக்கொள்வது போல. "நித்திலா சொல்லிட்டா மாப்ள" என்றேன். "கல்யாண விஷயம்."

"தெரியும்" என்றார். "அவ உங்ககிட்ட சொன்னதையும் என்கிட்ட சொல்லிட்டா. உங்களுக்குத் தெரியும்னு எனக்கு முதல் நாளே தெரியும்." அப்புறம் எதற்கு ஒவ்வொரு குடிலிலும் வாயைத் திறந்தார்? நான் ஓடிக்கொண்டிருந்தது எதிலிருந்து? அவர் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "நான் கேக்க நெனச்சது வேற, மச்சான். சுகந்திக்கு அப்பா அம்மா இல்ல. கூடப் பொறந்தவங்களும் இல்ல, ஒத்தப் பிள்ளை. கோயில்ல வச்சுத் தாலி கட்டலாம்னு இருக்கு. பொரி போடுறதுக்கு அண்ணன் முறைக்கு ஆள் வேணும்." எனக்குப் புரியவில்லை, புரிந்தது, புரிந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். "நீங்க நிக்கணும். இது அவ கேட்டது இல்ல, நான்தான் கேக்குறேன். நீங்க நின்னா அவ உங்களுக்குத் தங்கச்சி. நான் எப்பவும்போல மாப்பிள்ளை. இல்லாட்டி எந்த உரிமையில உங்களை மச்சான்னு கூப்பிடுவேன் சொல்லுங்க? ஞாயித்துக்கிழமை எந்த உரிமையில வாங்கன்னு சொல்லுவேன்?" அவர் குரல் சரியாக இல்லை. ஆனால் எனக்கு அவர் குரல் கேட்கவில்லை, கோவில்பட்டியில் அந்த மண்டபத்தில் மேளம்தான் கேட்டது, புகையில் கண் எரிய, வடிவு இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டிருக்கிறாள், நான் அவள் பின்னால் நின்று அந்தக் கையில் பொரியை அள்ளிப் போடுகிறேன், நெய் பட்டு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு நெருப்பில் விழமாட்டேன் என்கிறது. "நெறையப் போடுண்ணே, கஞ்சத்தனம் பண்ணாத" என்று உதடு அசையாமல் சொல்கிறாள். எதிரில் இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கை, மருதாணி, வேர்த்திருந்தது, பயந்திருந்தாள். அந்தக் கை இருந்த இடத்தில் இன்னொரு கையை வைத்து நான் அள்ளிப் போடுவதா? எப்படி வாய் வந்தது இவருக்கு? என்னிடம்? தங்கை என்ன பேப்பரில் விளம்பரம் கொடுத்து எடுக்கிற வேலையாளா, ஒருத்தி போனால் இன்னொருத்தி? "முடியாது மாப்ள" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. "என் தங்கச்சிக்குப் போட்டாச்சு. அவ்வளவுதான். என்னால முடியாது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லைக் கீழே வைத்தார், எறியவில்லை, வைத்தார். தலையை இரண்டு மூன்று தடவை ஆட்டினார். எழுந்து என் சைக்கிளை நிமிர்த்தி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, பிடி வந்துவிட்டது என்பது போல என்னைப் பார்த்தார். தன் சைக்கிளை எடுத்தார். "சரி, பூமி" என்றார். "நான் கேட்டிருக்கக் கூடாது. தப்பா எடுத்துக்காத. மெதுவா வா." திட்டுவதாக இல்லை, ரொம்ப மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார். பூமிநாதன் என் பேர். காலேஜில் ஒரே ரூமில் கிடந்தபோது இவன் என்னை பூமி என்றுதான் கூப்பிடுவான், நான் டேய் கருணா என்பேன். தாலி கட்டிய அன்றைக்கு எங்கள் அம்மா போட்ட சத்தத்தில் அது நின்றது, அதிலிருந்து அவர் மாப்பிள்ளை, நான் மச்சான், குடித்தாலும் சண்டை போட்டாலும் ஆஸ்பத்திரியில் ராப்பகலாகக் கிடந்தாலும் அது மாறவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அந்தப் பேரைக் கேட்கிறேன். என் காதில் அது நட்பாக விழவில்லை. வடிவு போனபோது என்னிடமிருந்து எதுவும் பிடுங்கப்படவில்லை, அவள் போனாலும் நான் அவள் அண்ணனாகவே இருந்தேன், ஒரு ஆள் தினமும் மச்சான் என்று கூப்பிட்டு அதை நடத்திக்கொண்டிருந்தார். இப்போது நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். வளைவைத் தாண்டப் போகிறார். அந்தச் சிவப்பு வெளியில் ஒரு ஆள் போகிறான், யாரோ ஒருத்தன், எனக்கு ஒன்றும் ஆகாதவன். "மாப்ள!" என்று கத்தினேன். நிற்கவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது. "மாப்ள! நில்லுங்க!"

நின்றார். ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்ல வாய் வரவில்லை, சம்மதம் என்று சொல்ல வரவில்லை, அந்தப் பெண்ணின் பேரைச் சொல்ல வரவில்லை. "இங்க கடையில கிடைக்கிற பொரி நல்லாருக்காது" என்றேன். "எல்லாம் நமுத்துப்போயிருக்கும். ஊர்லருந்து யார் வராங்கன்னு பாத்துச் சொல்லி விடணும். தேதி என்னைக்கு?" சைக்கிளை அப்படியே பாதை நடுவில் போட்டுவிட்டு அந்த மேட்டில் ஓடிவந்தார், ஷூ வழுக்க, ஒரு தடவை கையை ஊன்றி எழுந்து. வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மச்சான்" என்றார். மறுபடியும் "மச்சான்" என்றார். நான் அழுதேன். வடிவை எரித்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை, அன்றைக்கு இவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு இவருக்கு அது தேவைப்படவில்லை.